ஒஹாயோ ஸ்டேட் 2024: மிச்சிகனிடம் தோற்ற அணி எப்படிப்பட்ட சாம்பியன்?

செந்நெல் எழுதியது:

2025 ஜனவரி 20 அன்று அட்லாண்டாவில் நோட்ரே டேமை 34-23 என்ற கணக்கில் வென்று ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணி அமெரிக்கக் கால்பந்தின் தேசியக் கல்லூரிக் கோப்பையைக் கைப்பற்றியது. பருவ முடிவில் சாம்பியனைத் தீர்மானிக்கும், பன்னிரண்டு அணிகள் கொண்ட புதிய பிளேஆஃப் முறையின் முதல் சாம்பியன் இந்த அணிதான். 2014 இல் நான்கு அணி முறை அறிமுகமானபோதும் முதல் கோப்பை அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் கொலம்பஸ் நகருக்கே வந்தது என்பது பலருக்கும் நினைவிருக்கும்.

ஆனால் 14 வெற்றி, 2 தோல்வி என்ற இந்தக் கணக்கில் ஒரு தோல்வி நவம்பர் 30 அன்று சொந்த மைதானத்தில் பரம எதிரியான மிச்சிகனிடம் 13-10 என்று வாங்கியது. அன்று மிச்சிகன் 6 வெற்றி, 5 தோல்வி என்ற நிலையில் வந்திருந்தது. சுமார் இருபது புள்ளி வித்தியாசத்தில் ஒஹாயோ ஸ்டேட் வெல்லும் என்று பந்தயக்காரர்கள் கணித்திருந்தார்கள். 2021 முதல் தொடர்ந்து நான்காவது முறையாக அந்த அணியிடம் தோற்றதால் பயிற்சியாளர் ரையன் டேயை அனுப்பிவிட வேண்டும் என்ற குரல் அன்றிரவே எழுந்தது. அடுத்த ஏழு வாரங்களில் அவர் கோப்பையுடன் நின்றார், அந்தக் குரல்களும் அடங்கிவிட்டன.

இந்த அமைதி எனக்கு உடன்பாடில்லை. கோப்பை அந்தத் தோல்வியைத் துடைத்துவிட்டது என்று பலர் எழுதுகிறார்கள். கோப்பை அந்தத் தோல்விக்கு எதிரான சாட்சி என்பதே என் கருத்து. டென்னசி, ஓரிகன், டெக்சஸ், நோட்ரே டேம் என்று நான்கு பெரிய அணிகளை வீழ்த்தும் ஆற்றல் இருந்த ஓர் அணி, ஐந்து தோல்விகளோடு வந்த அணிக்கு எதிராக இரண்டாம் பாதி முழுவதும் ஒரு புள்ளி கூட எடுக்கவில்லை என்றால், குறை ஆட்டக்காரர்களிடம் இல்லை. நண்பர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஆன்ஆர்பர்க்காரன் எழுதியது:

செந்நெல் அவர்களுக்கு வணக்கம். ஒஹாயோ ஸ்டேட் ஆதரவாளர்கள் இந்த ஆட்டத்தைப் பேசும்போதெல்லாம் "நாங்கள் தோற்றோம்" என்று மட்டுமே பேசுகிறார்கள். எதிரே ஓர் அணி ஆடி வென்றது என்பது அவர்கள் பேச்சில் வருவதே இல்லை.

அன்று மிச்சிகனுக்கு முன்னணி வீரர்களான வில் ஜான்சன் இல்லை, கோல்ஸ்டன் லவ்லேண்டும் இல்லை. எறிந்து ஆடும் வலிமை அந்தப் பருவம் முழுவதுமே எங்களிடம் இருந்ததில்லை. எங்களிடம் இருந்தது தற்காப்பு முன்வரிசையின் நடுவில் மேசன் கிரஹாம், கென்னத் கிராண்ட் என்ற இரண்டு பெரிய உடல்கள். அவர்களை நகர்த்த முடியவில்லை என்பது முதல் கால் பகுதியிலேயே தெரிந்துவிட்டது. ஒஹாயோ ஸ்டேட் அன்று 26 முறை ஓடி 77 யார்டு எடுத்தது. நாங்கள் ஓடி எடுத்தது 172.

கடைசி நிமிடங்களை மறுபடியும் போட்டுப் பாருங்கள். ஆட்டம் 10-10 என்று சமநிலையில் இருக்கிறது. பந்து வரும் இடம் அரங்கில் இருக்கும் அனைவருக்கும் தெரிந்திருந்தும் கலேல் மல்லிங்ஸ் பந்தை வாங்கிக்கொண்டு 27 யார்டு ஓடினார். பிறகு 45 விநாடிகள் மிச்சமிருக்கும்போது டொமினிக் ஸ்வாடா 21 யார்டு தூரத்திலிருந்து மூன்று புள்ளி தரும் ஃபீல்டு கோலை உதைத்து ஆட்டத்தை முடித்தார். இதைப் பயிற்சியாளரின் பிழை என்று மட்டும் சொன்னால், மல்லிங்ஸைத் தடுக்க முடியாத பதினோரு பேரை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்?

ஆட்டம் முடிந்தபின் நடு மைதானத்தில் கொடியை நட முயன்றதும், அதைத் தொடர்ந்த கைகலப்பும், காவலர்கள் மிளகுத் தெளிப்பான் பயன்படுத்தியதும் எங்களுக்கும் பெருமை சேர்க்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேச்சு அங்கே திசைமாற வேண்டாம்.

மூன்றாவது டவுன் எழுதியது:

இருவரும் சொல்வதில் உண்மை இருக்கிறது; ஆனால் காரணத்தை அக்டோபரிலிருந்து தேட வேண்டும்.

அக்டோபர் 12 அன்று யூஜீன் நகரில் ஓரிகனிடம் 32-31 என்று தோற்ற ஆட்டத்தைப் பலரும் அதன் கடைசி விநாடிகளுக்காகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த விநாடிகள் வேடிக்கையானவைதான். பத்து விநாடிகள் மீதமிருக்கும்போது ஓரிகன் விதி அனுமதிக்கும் பதினொருவருக்கு மேல் பன்னிரண்டாவது ஆளை மைதானத்தில் நிறுத்தியது. தண்டனை ஐந்து யார்டு மட்டுமே; கடிகாரத்தில் போன நான்கு விநாடிகள் போனவைதான். அடுத்த முயற்சியில் ஒஹாயோ ஸ்டேட்டின் குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்திப் பந்தை எறிபவர்) வில் ஹவர்டு பந்தோடு ஓடி, சறுக்கி விழுந்தபோது நேரம் முடிந்திருந்தது. ஃபீல்டு கோல் உதைக்க ஒரு விநாடி கூட இல்லை. அந்த வாரமே விதிக்கு விளக்கம் கொடுத்து அந்த ஓட்டையை அடைத்தார்கள்.

ஆனால் அந்த ஆட்டத்தில் ஒஹாயோ ஸ்டேட் இழந்த பெரிய பொருள் வேறு. தாக்குதல் முன்வரிசையின் இடது ஓரத்தில் நிற்கும் டாக்கிள் ஜாஷ் சிம்மன்ஸ் முழங்காலில் காயம்பட்டு அந்தப் பருவத்திலிருந்தே விலகினார். குவார்ட்டர்பேக்கின் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தைக் காப்பவர் அவர். அடுத்து நெப்ராஸ்கா ஆட்டத்தில் அந்த இடத்தில் நிறுத்தியவரும் காயம்பட்டார். 21-17 என்று தட்டுத்தடுமாறி வென்றார்கள். பிறகுதான் அதே வரிசையில் சற்று உள்ளே கார்டாக ஆடிய டானவன் ஜாக்சனை டாக்கிள் இடத்துக்கு மாற்றினார்கள். இண்டியானா ஆட்டத்துக்கு முந்தைய வாரப் பயிற்சியில் முன்வரிசையின் நடுவில் நிற்கும் சென்டர் செத் மெக்லாக்லினின் குதிகால் தசைநாண் அறுந்தது. அந்த ஆண்டின் சிறந்த சென்டருக்கான ரிமிங்டன் விருது அவருக்குத்தான் கிடைத்தது என்பதை வைத்தே இழப்பின் அளவைப் புரிந்துகொள்ளலாம்.

ஆக, மிச்சிகன் வந்த நாளில் முன்வரிசையின் இரண்டு தூண்கள் இல்லை. எதிரே கிரஹாமும் கிராண்டும் நிற்கிறார்கள். வெளிப்புறத்தில் ஜெரமையா ஸ்மித், எமேகா எக்புக்கா, கார்னெல் டேட் என்று எறிந்த பந்தைப் பிடிக்கும் மூன்று ரிசீவர்கள் நிற்கிறார்கள். இந்த நிலையில் பந்தை நடுவிலேயே ஓட்டிக்கொண்டிருப்பது எதிராளியின் பலத்தைத் தேடிப்போய் முட்டுவதாகும். செந்நெல் குற்றம் சாட்டுவது இதைத்தான். அதில் நான் அவர் பக்கம். மிச்சிகனிடம் முரட்டுத்தனத்தில் தோற்கிறோம் என்ற பழியைத் துடைக்க வேண்டும் என்ற வீம்பு மூன்று ஆண்டுகளாக டேயைப் பிடித்தாட்டுகிறது என்று நினைக்கிறேன். இது என் ஊகம்தான், ஆனால் ஆட்டத்தைப் பார்த்தால் வேறு விளக்கம் தோன்றவில்லை.

வைகறை எழுதியது:

ஹவர்டு இரண்டு முறை பந்தை எதிராளியிடம் எறிந்ததையும், உதைப்பாளர் ஜேடன் ஃபீல்டிங் இரண்டு ஃபீல்டு கோல்களைத் தவறவிட்டதையும் யாரும் சொல்லவில்லையே? மூன்று புள்ளியில் தோற்ற ஆட்டத்தில் ஆறு புள்ளி அங்கேயே போய்விட்டது. எல்லாவற்றையும் பயிற்சியாளர் தலையில் கட்ட வேண்டாம்.

கணக்கப்பிள்ளை எழுதியது:

பணத்தைப் பேசாமல் இந்தப் பருவத்தைப் பேச முடியாது.

இந்த அணியை அமைக்க ஏறத்தாழ இரண்டு கோடி டாலர் செலவானது என்று பல்கலைக்கழகத்தின் விளையாட்டு இயக்குநர் ராஸ் பியோர்க்கே வெளிப்படையாகச் சொன்னார். மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்ற விதி வந்து மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அதனுடன் இடமாற்றமும் எளிதானது. ஹவர்டு கேன்சஸ் ஸ்டேட்டிலிருந்து வந்தார். பந்தோடு ஓடும் க்வின்ஷான் ஜட்கின்ஸ் ஓல் மிஸ்ஸிலிருந்து. தற்காப்பு வீரர் கேலப் டவுன்ஸும் மெக்லாக்லினும் அலபாமாவிலிருந்து, அங்கே பயிற்சியாளராக இருந்த நிக் சேபன் ஓய்வுபெற்ற குளிர்காலத்தில். யு.சி.எல்.ஏ.வில் தலைமைப் பயிற்சியாளராக இருந்த சிப் கெல்லி அந்தப் பதவியையே விட்டுவிட்டு, இங்கே தாக்குதல் ஒருங்கிணைப்பாளராக வந்து டேயின் கீழ் வேலை பார்த்தார். ஒவ்வொரு முயற்சிக்கும் என்ன ஆடுவது என்று அழைக்கும் பொறுப்பை டே அவரிடம் ஒப்படைத்தார்.

இவற்றை வைத்து "விலைக்கு வாங்கிய கோப்பை" என்று ஏளனம் செய்வோரை நான் ஏற்கவில்லை. இந்த அணியின் முதுகெலும்பு வாங்கப்பட்டவர்கள் அல்லர், போகாமல் நின்றவர்கள். எக்புக்கா, ட்ரிவேயான் ஹென்டர்சன், ஜாக் சாயர், ஜே.டி. டுய்மொலோவ், டென்சல் பர்க், ஜாக்சன், டைலீக் வில்லியம்ஸ் ஆகியோர் ஓராண்டுக்கு முன்பே தொழில்முறை ஆட்டத்துக்குப் போயிருக்கலாம். மிச்சிகனை ஒருமுறை கூட வெல்லாமல் போக மனமில்லாமல்தான் தங்கினார்கள். அந்த ஓர் ஆசை மட்டும் நிறைவேறவில்லை, மற்றவை எல்லாம் நிறைவேறின.

பணம் செய்த வேலை வேறு. முன்பெல்லாம் இப்படிப்பட்ட மூத்த வீரர்களுக்கு நான்காம் ஆண்டு தங்குவது நட்டம். இப்போது தங்குவதற்கும் கூலி கிடைக்கிறது. எண்களும் அதைக் காட்டுகின்றன: ஓர் ஆட்டத்துக்கு 12.9 புள்ளி மட்டுமே கொடுத்து, புள்ளி தடுப்பதில் நாட்டிலேயே முதலிடம் பெற்றது இந்தத் தற்காப்பு. ஜட்கின்ஸ், ஹென்டர்சன் இருவருமே ஆயிரம் யார்டைத் தாண்டினார்கள். முதலாண்டு மாணவரான ஸ்மித் 76 பந்துகளைப் பிடித்து 1,315 யார்டும் 15 டச்டவுனும் (பந்தை எல்லைக்கோட்டுக்குள் சேர்ப்பது) எடுத்தார். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன் எடுத்த கணக்கு இது.

செந்நெல் எழுதியது:

வைகறை அவர்களுக்கு: தவறிய உதைகளும் எதிராளி பிடித்துக்கொண்ட எறிதல்களும் கணக்கில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதே ஹவர்டு நவம்பர் 2 அன்று பென் ஸ்டேட் மைதானத்தில் தொடக்கத்திலேயே ஓர் எறிதலை எதிராளிக்கு டச்டவுனாகக் கொடுத்தார். பிறகு எல்லைக்கோட்டை எட்டும் நேரத்தில் பந்தை நழுவவிட்டு அது வெளியே போனது. ஆட்டமோ 20-13 என்று வெற்றியில் முடிந்தது. எதிராளிகள் மூன்று யார்டு தூரத்தில் நான்கு முயற்சிகள் பெற்றும் உள்ளே நுழைய முடியவில்லை. அதன்பின் மிச்சமிருந்த ஐந்து நிமிடங்களுக்கும் மேலான நேரத்தை ஓட்டம் ஓட்டமாகவே ஆடித் தீர்த்தார்கள். பிழைகளைத் தாங்கும் வலிமை அந்த அணிக்கு இருந்தது. மிச்சிகன் ஆட்டத்தில் மட்டும் பிழைகளைத் தாங்கப் புள்ளிகள் இல்லாமல் போனதற்குக் காரணம் கேட்கிறேன்.

இன்னொன்று. அந்த ஓட்டம் நடந்தபோது மெக்லாக்லின் இருந்தார். பென் ஸ்டேட்டில் பலித்ததை அவர் இல்லாமல் மிச்சிகனிடம் ஆடிப் பார்த்தார்கள் என்பதுதான் என் கணிப்பு.

மூன்றாவது டவுன் எழுதியது:

அப்படியானால் மூன்று வாரத்தில் என்ன மாறியது என்ற கேள்விக்கு வருவோம். வீரர்கள் கூடிப் பேசினார்கள், மனம்விட்டுப் பேசினார்கள் என்றெல்லாம் எழுதினார்கள். பேசியிருக்கலாம். எனக்குத் தெரிந்தது மைதானத்தில் தெரிந்ததுதான்.

டிசம்பர் 21 இரவு, பிளேஆஃபின் முதல் சுற்றில், கொலம்பஸ் உறைகுளிரில், டென்னசி ஆதரவாளர்களின் ஆரஞ்சு நிறம் அரங்கில் கணிசமாகப் பரவியிருந்தது. உள்ளூர் ஆட்கள் நுழைவுச்சீட்டை விற்றுவிட்டார்கள் என்பதே மிச்சிகன் தோல்வியின் கசப்பு எவ்வளவு ஆழமானது என்று காட்டியது. ஆட்டம் தொடங்கியதும் முதல் தாக்குதலிலேயே ஹவர்டு ஸ்மித்துக்கு எறிந்து 37 யார்டு டச்டவுன். முதல் கால் பகுதி முடியும்போது 21-0. இறுதியில் 42-17. மிச்சிகன் ஆட்டத்தில் கடைசி வழியாக வைத்திருந்ததை இங்கே முதல் வழியாக எடுத்தார்கள்: முதலில் எறி, எதிராளி பின்வாங்கிப் பரவிய பிறகு ஓடு. முன்வரிசை அதே முன்வரிசைதான். சிம்மன்ஸும் இல்லை, மெக்லாக்லினும் இல்லை. ஆட்கள் யாரும் திரும்பி வரவில்லை, எண்ணம்தான் மாறியது.

ஜனவரி 1 அன்று காலிறுதியான ரோஸ் பவுலில், அதுவரை 13-0 என்று தோல்வியே காணாத ஓரிகனுக்கு எதிராக இரண்டாம் கால் பகுதியிலேயே 34-0 என்று முன்னிலை பெற்றார்கள். ஸ்மித் அன்று ஏழு பந்துகளைப் பிடித்து 187 யார்டு எடுத்தார். மறுபக்கத்தில் ஒருங்கிணைப்பாளர் ஜிம் நோல்ஸின் தற்காப்பு எட்டு முறை குவார்ட்டர்பேக்கை வீழ்த்தியது. ஓரிகனின் ஓட்டக் கணக்கு பூஜ்யத்துக்கும் கீழே போய் 23 யார்டு கழிவில் நின்றது. 41-21 என்ற இறுதிக் கணக்கு ஓரிகனுக்குத் தாராளமானது.

ஆகவே செந்நெல் சொல்லும் சாட்சியம் சரி. எனினும் அதே சாட்சியத்தில் டேக்குச் சாதகமான வரியும் இருக்கிறது. தான் செய்தது தவறு என்று உணர்ந்து மூன்று வாரத்தில் திருத்திக்கொள்ளும் பயிற்சியாளர்கள் அதிகம் பேர் இல்லை.

வைகறை எழுதியது:

திருத்திக்கொள்ள அவருக்கு வாய்ப்பு கிடைத்ததே புதிய முறையால்தான். தேர்வுக் குழுவின் கடைசிப் பட்டியலில் ஒஹாயோ ஸ்டேட் ஆறாம் இடம். பழைய நான்கு அணி முறையாக இருந்தால் நவம்பர் 30 அன்றே பருவம் முடிந்திருக்கும். இரண்டு முறை தோற்ற அணிக்கு மூன்றாவது வாய்ப்பு கொடுத்து அதைச் சாம்பியன் என்று அழைத்தால், செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஆடிய ஆட்டங்களுக்கு என்ன பொருள்?

ஓரிகனுக்கு நடந்ததையும் பாருங்கள். மாநாட்டுச் சாம்பியன்களுக்கு (மாநாடு என்பது அணிகளின் கூட்டமைப்பு) முதல் நான்கு இடங்கள் என்ற விதியால் பாய்சி ஸ்டேட்டும் அரிசோனா ஸ்டேட்டும் மேலே ஏறின; ஆறாம் இடத்து ஒஹாயோ ஸ்டேட் எட்டாவதாக இறங்கி நேரே ஓரிகன் பாதையில் போய் நின்றது. தோல்வியே காணாத அணிக்குக் கிடைத்த பரிசு, நாட்டின் மிகத் திறமையான அணியைக் காலிறுதியிலேயே சந்திப்பது. முதல் சுற்றில் ஆடாமல் நேரே காலிறுதிக்கு வந்த நான்கு அணிகளும் தங்கள் முதல் ஆட்டத்திலேயே தோற்று வெளியேறின. இதை நியாயமான முறை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கணக்கப்பிள்ளை எழுதியது:

அந்தப் பருவத்தின் வரிசைப்படுத்தும் விதி கோணலானது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் "வழக்கமான பருவத்துக்குப் பொருளில்லை" என்பதை ஏற்க முடியாது. நோட்ரே டேம் செப்டம்பரில் சொந்த மைதானத்தில் நார்தர்ன் இல்லினாயிடம் 16-14 என்று தோற்றது. அதற்குப் பிறகு ஓர் ஆட்டத்தைக் கூட இழக்க முடியாது என்ற நிலையிலேயே அவர்கள் மூன்று மாதம் ஆடினார்கள். அந்தத் தோல்வியோடு எல்லாம் முடிந்திருந்தால் அந்த மூன்று மாதமும் வெறும் சடங்காக இருந்திருக்கும்.

தவிர, 2014 சாம்பியன் அணியும் இரண்டாவது ஆட்டத்திலேயே சொந்த ஊரில் வர்ஜீனியா டெக்கிடம் தோற்றதுதான். அப்போதும் இதே முணுமுணுப்பு இருந்தது.

ஆன்ஆர்பர்க்காரன் எழுதியது:

2014 அணி மிச்சிகனை வென்றது. அந்த வேறுபாட்டை எங்கள் ஊரில் யாரும் மறக்கமாட்டார்கள்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஜனவரி 10 அன்று ஆர்லிங்டனில் டெக்சஸுக்கு எதிரான அரையிறுதி ஆட்டத்தின் கடைசிப் பகுதியைப் பார்த்தபோது எனக்கே எழுந்து நிற்கத் தோன்றியது. 21-14 என்ற கணக்கு. டெக்சஸ் ஒரு யார்டு தூரத்தில் நிற்கிறது, நான்கு முயற்சிகள் கையில். முதல் ஓட்டம் நகரவில்லை. இரண்டாவது முயற்சியில் பந்தை வெளிப்பக்கம் வீசி ஓடப்பார்த்து ஏழு யார்டு இழந்தார்கள். ஒரு யார்டு போதும் என்ற இடத்தில் அப்படி ஓர் ஆட்டத்தை அழைத்தவரை என்ன சொல்வது! நான்காவது முயற்சியில் ஜாக் சாயர் டெக்சஸ் குவார்ட்டர்பேக் க்வின் யூவர்ஸின் கையிலிருந்தே பந்தைத் தட்டிப் பிடுங்கி 83 யார்டு ஓடினார். இருவரும் 2021 இல் ஒஹாயோ ஸ்டேட்டில் ஒரே அறையில் தங்கியவர்கள். ஒன்றரை மாதத்துக்கு முன் எங்கள் கொடியைக் கம்பிலிருந்து பிடுங்கியவரும் அதே சாயர்தான். கொலம்பஸுக்குப் பக்கத்து ஊர்க்காரர் அவர்; அந்த ஓட்டத்துக்குப் பின் அங்கே அவருக்குச் சாப்பாட்டுக் காசு கேட்பவர்கள் இருக்கமாட்டார்கள்.

ஆனாலும் அந்த ஆட்டத்தில் டெக்சஸ், ஸ்மித்தை ஒரே ஒரு பந்தோடு நிறுத்தியது. ஆகவே எறிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற மூன்றாவது டவுன் அவர்களின் விளக்கம் அங்கே கொஞ்சம் இடறுகிறது.

மூன்றாவது டவுன் எழுதியது:

நல்ல கேள்வி. ஸ்மித்தை இருவர் மூவராகச் சூழ்ந்தால் வேறெங்கோ ஆள் குறையும். முதல் பாதி முடிய அரை நிமிடமே இருக்கும்போது டெக்சஸ் 7-7 என்று சமன் செய்தது. அடுத்த முயற்சியிலேயே ஹென்டர்சனுக்கு ஒரு சிறிய ஸ்க்ரீன் எறிதல் (தடுப்பாளர்களின் மறைவில் அருகிலேயே எறிவது). அவர் 75 யார்டு ஓடி உள்ளே போய்விட்டார். ஸ்மித்தைப் பார்த்துக்கொண்டிருந்த கண்களின் விலை அது. மிச்சிகன் ஆட்டத்தில் இந்த விலையைக் கேட்கவே இல்லை என்பதுதான் என் வாதம்.

இறுதி ஆட்டத்தில் இது இன்னும் தெளிவானது. நோட்ரே டேம் முதல் தாக்குதலில் பதினெட்டு முயற்சிகளில், ஏறத்தாழப் பத்து நிமிடம் எடுத்து டச்டவுன் போட்டது. அதற்குப் பதிலாக ஒஹாயோ ஸ்டேட் தொடர்ந்து 31 புள்ளிகள் குவித்தது. ஹவர்டு தன் முதல் பதின்மூன்று எறிதல்களையும் சரியாகச் சேர்த்தார். பிறகு நோட்ரே டேம் மீண்டு வந்து 31-23 ஆனது. மூன்றாவது டவுன் (நான்கு முயற்சிகளில் மூன்றாவது), பந்தைத் தக்கவைக்கப் பதினோரு யார்டு வேண்டும். நவம்பர் 30 அன்றைய மனநிலையில் இருந்தால் நடுவில் ஓடி, கடிகாரத்தைக் கரைத்து, பந்தை உதைத்து அனுப்பியிருப்பார்கள். அன்று தன்னந்தனியாகக் காக்கப்பட்ட ஸ்மித்தின் தலைக்கு மேல் எறிந்தார்கள், 56 யார்டு. பிறகு ஃபீல்டிங் 33 யார்டிலிருந்து உதைத்தது உள்ளே போனது. மிச்சிகனிடம் தவறவிட்ட அதே கால்.

செந்நெல் எழுதியது:

அந்த ஓர் எறிதலைத்தான் நானும் சொல்ல வந்தேன். அதை அழைக்கும் துணிவு ஜனவரியில் வந்தது, நவம்பரில் வரவில்லை. டே நல்ல பயிற்சியாளர் என்பதை மறுக்கவில்லை. பல்கலைக்கழகம் 2025 பிப்ரவரியில் அவருக்கு ஆண்டுக்கு 1.25 கோடி டாலர் வீதம் ஏழாண்டு ஒப்பந்தம் கொடுத்ததும் நியாயமே. ஆனால் கொலம்பஸில் கோப்பையும் மிச்சிகனும் தனித்தனிக் கணக்குகள். முன்னாள் பயிற்சியாளர் ஜான் கூப்பர் அங்கே 111 ஆட்டங்களை வென்றும், மிச்சிகனுக்கு எதிராக 2-10-1 (இரண்டு வெற்றி, பத்து தோல்வி, ஒரு சமநிலை) என்ற ஒரே வரிக்காகவே இன்றும் பேசப்படுகிறார்.

கணக்கப்பிள்ளை எழுதியது:

கூப்பரிடம் தேசியக் கோப்பை இல்லை, டேயிடம் இருக்கிறது. இரண்டு கணக்கு என்றால் இரண்டையும் எழுத வேண்டும்.

2025 பருவத்தைப் பற்றி எனக்கு இருந்த கவலை வேறு. சிப் கெல்லி லாஸ் வேகஸ் ரெய்டர்ஸ் என்ற தொழில்முறை அணிக்குப் போனார். நோல்ஸ் பென் ஸ்டேட்டுக்கே போனார். தாக்குதலுக்கு பிரையன் ஹார்ட்லைனும் தற்காப்புக்கு மேட் பட்ரிஷியாவும் வந்தார்கள். ஹவர்டு, சாயர், எக்புக்கா, ஹென்டர்சன், ஜட்கின்ஸ் எவரும் அப்போது இல்லை. ஸ்மித், டேட், டவுன்ஸ் போன்ற சிலரே மிஞ்சினார்கள். 2025 ஆகஸ்ட் 30 அன்று முதல் ஆட்டமே டெக்சஸ், அதுவும் கொலம்பஸில். கெல்லி இல்லாதபோது அந்த மூன்றாவது டவுன் எறிதலை யார் அழைப்பார் என்பது அங்கேயே தெரிய வேண்டியிருந்தது.

ஆன்ஆர்பர்க்காரன் எழுதியது:

2025 நவம்பர் 29 அன்று மிச்சிகன் ஆட்டம் எங்கள் ஊரில். கிரஹாமும் கிராண்டும் அப்போது இல்லை. ஓடிப் பார்ப்பதானால் அந்த முறை ஓடிப் பார்த்திருக்கலாம்.